தம்பிக்காக நிரப்பும் ஆறு பக்கங்கள்: என்.டி.ஜி. டிமென்ஷியா படிவம், ஒரு விமர்சனம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார், வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்றால் இந்தப் படிவத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்தான் வாயில் நுழையாது: என்.டி.ஜி.-இ.டி.எஸ்.டி. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், தலைகாட்டுகிறதா என்று கூட இருப்பவர்களே கவனித்துக் குறித்து வைப்பதற்கான ஆறு பக்கத் தாள். அமெரிக்காவில் இந்த விஷயத்துக்கென்றே அமைந்த தேசியப் பணிக்குழு (அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் என்.டி.ஜி.) 2013-இல் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன், 2007-இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பேராசிரியர் ஷௌமித்ரோ தேபும் அவருடைய குழுவினரும் தயாரித்த 53 கேள்விகள் கொண்ட பட்டியல்தான் இதற்கு அடிப்படை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நிரப்புவதற்கு மருத்துவப் படிப்பு எதுவும் தேவையில்லை. அந்த மனிதரைக் குறைந்தது ஆறு மாதமாவது அருகிலிருந்து அறிந்தவராக இருந்தால் போதும்.

என் தம்பிக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. அம்மாவும் நானும் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை இதை நிரப்பி வருகிறோம். அவனுக்கு டிமென்ஷியா தொடங்கிவிட்டது என்று டாக்டர் உறுதி செய்ததில் இந்தத் தாள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கும் முன்னால், டிமென்ஷியா என்று யாரோ முத்திரை குத்திவிட்டுப் போன வேறு சில கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்ததும் இதனால்தான். அந்த இரண்டாவது காரணத்துக்காகவே இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில், இவர்களுக்கென்று தனிப் படிவம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதால் வருவது. பாரிஸில் 1959-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதற்குக் காரணமான ஏ.பி.பி. மரபணு உட்கார்ந்திருப்பதும் அதே 21-இல்தான். ஒரு பிரதி கூடுதலாக இருப்பதால் பிறந்ததிலிருந்தே அந்தப் புரதம் அதிகமாக உற்பத்தியாகிறது. நாற்பது வயதை எட்டும்போது ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும், டிமென்ஷியாவுக்குக் காரணமாகும் அல்சைமர் நோய்க்குரிய மாற்றங்கள் வந்துவிடுகின்றன. வெளியே அறிகுறி தெரிவது சராசரியாக ஐம்பதுகளின் நடுவில், சிலருக்கு நாற்பதுகளிலேயே. நீண்ட காலம் வாழ்ந்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் இது வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் இது யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம், அவர்கள் அந்த வயதுவரை வாழவில்லை. அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் இருபத்தைந்து வயதை ஒட்டி இருந்தது. இன்று அறுபதைத் தொடுகிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் முதுமையைப் பார்க்கும் முதல் தலைமுறை நம் வீட்டுப் பிள்ளைகள்தான். அதனால்தான் பல டாக்டர்களுக்கே இது பழக்கமில்லாத விஷயமாக இருக்கிறது.

மற்றவர்களுக்கு வைக்கும் மறதிச் சோதனைகள் இவர்களுக்கு உதவாது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்த ஐங்கோணத்தைப் பார்த்து வரையுங்கள் என்றெல்லாம் கேட்பார்கள். என் தம்பி இருபது வயதில், நல்ல துடிப்பாக இருந்த காலத்திலேயே, இதில் பாதிக்குப் பதில் சொல்லியிருக்க மாட்டான். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு எதை அளப்பது? அவனை ஊரில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன வருடத்து அவனோடு ஒப்பிட வேண்டும்.

இந்தப் படிவத்தின் உயிர் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, பேச்சு, தூக்கம், நடை, நினைவு, நடத்தை என்று பகுதி பகுதியாக வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: ‘எப்போதும் இப்படித்தான்’, ‘எப்போதும் உண்டு, ஆனால் இப்போது மோசம்’, ‘கடந்த ஓராண்டில் புதிதாக வந்தது’, ‘பொருந்தாது’. ‘பெயர் எழுதத் தெரியவில்லை’ என்பது என் தம்பிக்கு முதல் கட்டம். அவன் எழுதக் கற்றதே இல்லை. தன் பெயரை அழகாக எழுதிக்கொண்டிருந்த இன்னொருவருக்கு அதே வரி மூன்றாவது கட்டத்தில் வந்தால் அது எச்சரிக்கை மணி. இத்தனை எளிமையான ஏற்பாடு, இத்தனை வேலை செய்கிறது.

நாங்கள் முதன்முதலில் நிரப்ப உட்கார்ந்தபோது அம்மா ஏறக்குறைய எல்லா வரிக்கும் “அவன் எப்பவுமே அப்படித்தானே” என்றார். உடுத்துவதற்கு உதவி தேவையா என்ற வரி வந்தது. “தேவையில்லை, அவனே போட்டுக்குவான்” என்றார். சட்டைப் பொத்தானை யார் போடுகிறார் என்று கேட்டேன். “நான்தான் போட்டுவிடறேன். இல்லைன்னா நேரமாயிடுது.” எப்போதிலிருந்து என்று கேட்டதும் யோசித்தார். சட்டையை எடுத்துக் கொடுப்பது, முன்பக்கம் பின்பக்கம் திருப்பிக் கொடுப்பது, கைக்கு நேராகச் சட்டைக் கையைப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாக அவர் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது பேசப் பேசத்தான் வெளியே வந்தது. பாசத்தோடு பார்த்துக்கொள்பவர்களுக்கு இது இயல்பு. பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அங்கே நம் கை தானாகப் போய்விடும். தடுமாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அதனால் என் முதல் யோசனை: வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக நிரப்புங்கள், அப்புறம் சேர்த்து வைத்துப் பாருங்கள். எங்கே இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கும். ‘உதவி தேவையா’ என்று பொதுவாகக் கேட்காமல் பொத்தான், செருப்பு, சோப்பு, குழாய் என்று வேலையை உடைத்துக் கேளுங்கள்.

நினைவுப் பகுதியில் ஒரு வரி உண்டு: பழகிய பொருட்களைத் தவறான இடத்தில் வைப்பது. துவைத்த துணியை மடித்து அவரவர் அலமாரியில் வைப்பது பல வருடங்களாக எங்கள் வீட்டில் தம்பியின் வேலை. மூலைக்கு மூலை பொருத்தி மடிப்பான். யார் கை வைத்தாலும் கோபம் வரும். மடிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அம்மாவின் துணிகள் அவனுடைய அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன, நேர்த்தியாக. அப்புறம் பாதி மடித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலருகே நிற்க ஆரம்பித்தான். மறதி நோய் என்றால் பெயர் மறப்பது, முகம் மறப்பது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்கு அதற்கு முன்னால் வருவது இதுபோன்ற மாற்றங்கள்: ஆர்வம் குறைவது, ஒரு வேலையை வரிசையாகச் செய்து முடிக்க முடியாமல் போவது, காரணமில்லாத பிடிவாதம், முன்பு இல்லாத கோபம். நடத்தைப் பகுதியில் வரிகள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதை வேகமாகக் கடந்துவிடாதீர்கள்.

கடந்த ஓராண்டில் நடந்த பெரிய நிகழ்வுகளைக் கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது. நெருங்கியவர் மரணம், இடமாற்றம், பகல்நேர வேலையிலோ மையத்திலோ மாற்றம், பார்த்துக்கொள்பவர் மாறியது, யாராவது துன்புறுத்தியது, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது என்று வரும். முதல் வருடம் நிரப்பியபோது அப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தம்பி அழவில்லை. பேச்சு குறைந்தது, தூக்கம் கூடியது, பிடித்த பாட்டைப் போட்டால்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. துக்கமும் மனச்சோர்வும் இவர்களிடம் அப்படியே மறதி நோய் போலத்தான் தெரியும். வாயால் சொல்லத் தெரியாதவர்கள் வேலையை நிறுத்தித்தான் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் டிக் போட்ட பிறகுதான், அப்பா இறந்ததை அவனுக்குப் புரியும்படி யாரும் உட்கார்ந்து சொல்லவே இல்லை என்பது வீட்டில் பேச்சுக்கு வந்தது.

படிவம் கையில் இல்லாத காலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “டவுன் சிண்ட்ரோம்தானே, வயசாகுது, இதெல்லாம் வரும்” என்று சொல்லி, அமைதியாக இருக்க ஒரு மாத்திரை எழுதினார். மனநோய்க்குக் கொடுக்கும் வகை மருந்து அது. தம்பி இன்னும் மந்தமானான், நடையும் தள்ளாடியது. இவர்களுக்கு எது வந்தாலும் அதை டவுன் சிண்ட்ரோம் கணக்கில் எழுதிவிட்டு மேலே பார்க்காமல் விடுவது உலகெங்கும் இருக்கும் பழக்கம். இந்த ஒன்றில் எனக்குப் பொறுமையே கிடையாது. தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த டாக்டரிடம் நிரப்பிய படிவத்தோடு போனோம். அவர் தூக்கம் பற்றிய பகுதியிலேயே நின்றுவிட்டார். பகலில் அதிகம் தூங்குவது, இரவில் அடிக்கடி விழிப்பது, இரவில் குழப்பம் என்று மூன்று நான்கு டிக். “குறட்டை விடுவாரா? இடையில் மூச்சு நின்று திடீரென்று இழுப்பதுபோல் இருக்குமா?” என்று கேட்டார். இருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறது. இரவெல்லாம் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் பகலில் யாருக்கும் புத்தி மங்கத்தான் செய்யும். அதற்கான தூக்கப் பரிசோதனை, தைராய்டு, வைட்டமின் பி12, ரத்த சோகை, காது, கண், இதயத்துக்கு ஈ.சி.ஜி., சாப்பிடும் மருந்துகளின் முழுப் பட்டியல் என்று வரிசையாகப் பார்த்தார். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும்கூட இவர்களைத் தலைகீழாக மாற்றிவிடும் என்றார். சளி, அலர்ஜிக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் சில மாத்திரைகள் நினைவைக் குழப்பும் என்று சொல்லி, தம்பி நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த ஒன்றையும், முந்தைய டாக்டர் எழுதியதையும் படிப்படியாக நிறுத்தினார். பெண்களாக இருந்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் இவர்களுக்குச் சில வருடம் முன்னதாகவே வருவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தம்பிக்குத் தைராய்டு குறைவாக இருந்தது. இரண்டு காதிலும் குறும்பி கல்லாக இறுகியிருந்தது. இவர்களுக்குக் காதின் துவாரம் குறுகலாக இருப்பதால் இது சர்வசாதாரணமாம். கண்ணில் புரை. தூக்கத்தில் மூச்சடைப்பு உறுதியானது. கண்புரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடை பற்றிய பகுதியில், தரையில் உள்ள கோடு, விரிசல், கோலம் போன்ற வடிவங்களைத் தாண்டத் தயங்குகிறாரா என்று ஒரு வரி வரும். தரையின் நிறம் மாறும் இடத்தில் அவன் நின்றுவிடுவதை நான் பல தடவை பார்த்திருந்தும் அதற்கு அர்த்தம் தெரியாமல் இருந்தேன். ஒரு காலை நீட்டி, நுனி விரலால் தடவிப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த அடி வைப்பான். ஆழம் தெரியாமல் போவது அல்சைமரிலும் வரும், கண்புரையிலும் வரும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தயக்கம் பெருமளவு குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

காதைச் சுத்தம் செய்து, தைராய்டு மாத்திரை தொடங்கி, இரவில் மூச்சுக் கருவி மாட்டப் பழக்கியதும் அவன் நிறையத் திரும்பி வந்தான். கருவியை ஏற்றுக்கொள்ள வைத்தது தனிக் கதை. முகமூடியை முதலில் வெறுமனே கையில் கொடுத்து, பிறகு பகலில் கொஞ்ச நேரம் மாட்டி என்று மெதுவாகத்தான் முடிந்தது. மறுபடி பேச்சு வந்தது. பகல் தூக்கம் போனது. அடுத்த வருடப் படிவத்தில் தூக்கப் பகுதி ஏறக்குறைய காலி. ஆனால் துணி இன்னும் தவறான அலமாரியில்தான் இருந்தது. அண்டை வீட்டுக்காரரின் பெயர், முன்பு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசியவரின் பெயர், போய்விட்டது. குளியலறைக்குப் பதிலாகச் சாமான் அறைக் கதவைத் திறந்து நின்றான். இரண்டு வருடத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் பார்த்தார். சரிசெய்யக்கூடியதையெல்லாம் சரிசெய்த பிறகும் கூடிக்கொண்டே போகிறது என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது.

படிவம் செய்யாதது என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது நோயைத் தீர்மானிக்காது. மொத்த மதிப்பெண் கிடையாது, இத்தனை டிக் வந்தால் டிமென்ஷியா என்ற எல்லைக்கோடும் கிடையாது. எனக்கு இது குறையாகப் படவில்லை. எண் ஒன்று இருந்தால் எல்லோரும் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். எங்களுக்கு முடிவு சொன்ன நிபுணர் படிவத்தைப் படித்தார், எங்களிடம் நீண்ட நேரம் பேசினார், தம்பிக்கு இவர்களுக்கென்றே மாற்றி அமைத்த கேம்காக்-டி.எஸ். என்ற சோதனையைச் செய்தார், சில மாதம் கழித்து அதையே மறுபடி செய்தார். ஸ்கேன் எடுத்தது வேறு கட்டியோ பக்கவாதமோ நீர்க்கோப்போ இல்லை என்று உறுதி செய்ய. இப்போது அல்சைமருக்கு ரத்தப் பரிசோதனைகளே வந்துவிட்டனவே, அதைச் செய்தால் தெரிந்துவிடாதா என்று கேட்டேன். அமிலாய்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் நாற்பதைத் தாண்டிய இவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிறது; அது டிமென்ஷியாவாக மாறிவிட்டதா என்பதை அன்றாட வாழ்க்கையில் வந்த மாற்றம்தான் சொல்லும் என்றார். அந்த மாற்றத்துக்குச் சாட்சி நாம்தான்.

பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை திடீரென்று பேச்சை இழந்து, சாப்பிடாமல், அசையாமல் போனால் அதற்கு இந்தப் படிவத்தை எடுக்காதீர்கள். இளம் வயதில் வரும் அந்தப் பின்னடைவு வேறு நோய். அதற்கு வேறு மருத்துவம் இருக்கிறது, சீக்கிரம் பார்த்தால் பலருக்கு முன்னேற்றமும் வருகிறது. நாற்பதுக்குக் கீழே டிமென்ஷியா என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

இனி என் குறைகள். ‘கடந்த ஓராண்டு’ என்ற அளவு குறுகலாக இருக்கிறது. இந்த நோய் மெல்ல நகர்வது. மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்த மாற்றத்தை முதல்முறை நிரப்புபவர் ‘எப்போதும் இப்படித்தான்’ கட்டத்தில் போட்டுவிட வாய்ப்பு அதிகம். ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒருமுறை நிரப்பி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அந்த அவசரம் படிவத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கான மருத்துவ வழிகாட்டுதல் ஒன்று 2020-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளிவந்தது. நாற்பது வயதிலிருந்து வருடா வருடம் அல்சைமர் பற்றிப் பரிசோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒப்பிடுவதற்கான முதல் தாளை அதற்கும் முன்பே, முப்பதுகளிலேயே எழுதி வைப்பது நல்லது என்பது என் அனுபவம்.

இன்னொன்று, சாப்பாடு பற்றிய வரி. நறுக்கிக் கொடுக்க வேண்டுமா, அளவாக ஊட்ட வேண்டுமா, புரையேறுகிறதா என்பதெல்லாம் ஒரே வரியில் அடங்கியிருக்கின்றன. புரையேறுவதைத் தனியாகப் பிரித்திருக்க வேண்டும். டிமென்ஷியா முற்றும்போது விழுங்குவது தடுமாறும். உணவும் நீரும் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வருவது இவர்களின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. நாங்கள் அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதுகிறோம்: தண்ணீர் குடித்தால் இருமுகிறானா, சாப்பிட்டபின் குரல் கரகரக்கிறதா, சாப்பிடும் நேரம் நீண்டுகொண்டே போகிறதா. இருந்தால் பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும்.

படிவம் யாரைப் பற்றியதோ அவரே சொல்வது என்ன என்பதற்கு ஒதுக்கிய இடமும் குறைவு. சில வரிகள்தான். மற்ற பக்கங்கள் முழுக்க அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வது. தம்பியிடம் ஒருநாள் மதியம், அவன் தெளிவாக இருந்த நேரம் பார்த்து, “உனக்கு இப்போ எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்டேன். “படி” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “கீழே தெரியலக்கா.” கண் டாக்டரிடம் போக வைத்தது எங்கள் டிக் எல்லாவற்றையும்விட அந்த ஒரு பதில்தான். அந்தப் பகுதியைக் கடைசிக்கு விடாமல் முதலில் நிரப்புங்கள், அவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள்.

மருத்துவம் பற்றிக் கேட்பவர்களுக்கு. நோயை நிறுத்தும் மருந்து இவர்களுக்கு இன்னும் இல்லை. டோனெபெசில் வகை மாத்திரைகள் கொடுக்கிறார்கள், தம்பிக்கும் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் டவுன் சிண்ட்ரோமும் டிமென்ஷியாவும் சேர்ந்து இருந்தவர்களைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தது தெரியவந்தது. அது நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துச் சொன்னது, சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இவர்களுக்கு மருந்து வேகமாக உறைக்கும். நாடித்துடிப்பு குறையலாம், வயிறு கலங்கலாம். அதனால் மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். தம்பிக்கு அளவைக் கூட்டியபோது வயிற்றுப்போக்கு வந்தது, டாக்டர் பழைய அளவுக்கே இறக்கிவிட்டார். மெமன்டைன் மருந்து இவர்களுக்குப் பலன் தரவில்லை என்று 2012-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. செய்திகளில் அடிபடும், மூளையிலிருந்து அமிலாய்டை அகற்றும் லெகானெமாப், டோனானெமாப் ஊசிகளின் பெரிய சோதனைகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. இவர்களுக்கு மூளை ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் அமிலாய்டு படிந்திருப்பதால், அந்த ஊசிகளால் மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வரும் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்ற கவலை இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் யாருக்கு இந்த நோய் ஏறக்குறைய நிச்சயம் என்று தெரிகிறதோ அவர்களையே வெளியே நிறுத்தி மருந்தைச் சோதித்தது எனக்கு இன்றுவரை வலிக்கிறது. இப்போதுதான் இவர்களுக்கென்று தனிச் சோதனைகள் தொடங்கியிருக்கின்றன.

வலிப்பு பற்றிய கட்டம் முதல் பக்கங்களிலேயே வரும். சிறு வயதில் இருந்ததா, அண்மையில் வந்ததா என்று பிரித்துக் கேட்கிறது. நாற்பதுக்கு மேல் புதிதாக வலிப்பு வந்தால் அது பெரும்பாலும் அல்சைமரோடு சேர்ந்து வருவது. தரையில் விழுந்து துடிப்பதாகத்தான் வரவேண்டும் என்றில்லை. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குத் தம்பியின் கை திடீரென்று உதறும், பிடித்திருந்த டம்ளர் தெறித்து விழும். படிவத்தில் அந்தக் கேள்வியைப் படித்திருந்ததால்தான் அது கவனக்குறைவு இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது. செல்போனில் படமெடுத்துக் காட்டினோம். மூளையின் மின்அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்து, லெவிடிராசிட்டாம் என்ற வலிப்பு மருந்து கொடுத்தார்கள். உதறல் நின்றது, எரிச்சல் கொஞ்சம் கூடியது, அது அந்த மருந்துக்கு உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் செய்ய முடிந்தவையும் படிவத்திலிருந்தே வந்தன. நிறம் மாறும் தரையில் இருந்த கறுப்பு மிதியடியை எடுத்துவிட்டோம்; அது அவனுக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. அலமாரிக் கதவுகளில் அவரவர் புகைப்படம் ஒட்டினோம். துணி மடிக்கும் வேலையை நிறுத்தவில்லை, எங்கே வைப்பது என்பதை மட்டும் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறார். தவறாக வைத்தால் திருத்துவதில்லை. அப்பா எங்கே என்று இப்போது மறுபடி கேட்கிறான். ஒவ்வொரு முறையும் இறந்துவிட்டார் என்று சொல்லி அவனைப் புதிதாக அழவைப்பதில்லை. அப்பாவைப் பற்றி என்ன நினைவு வந்தது என்று கேட்டு அதைப் பேசுகிறோம்.

முதல் தாளை நிரப்பும்போது கூடவே ஒரு வேலை செய்யுங்கள். அவர் சட்டை போடுவது, நடப்பது, படியிறங்குவது, தன் பெயரைச் சொல்வது, ஏதாவது ஒரு வேலையை முழுதாகச் செய்து முடிப்பது, இவற்றைச் செல்போனில் சிறு சிறு வீடியோவாக எடுத்து, தேதி போட்டு, படிவத்தோடு வையுங்கள். அடுத்த வருடமும் அதே வேலைகள், முடிந்தால் அதே அறையில். டாக்டரிடம் போகும்போது படிவத்தின் நகலைக் கொடுத்துவிட்டு மூலத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாறினாலும், பார்த்துக்கொள்பவர் மாறினாலும் அந்தக் கட்டு அவரோடு போக வேண்டும்.